பல மாறிகளின் பூரியே தொடரும் சென்னைக் கணித மரபும்

தென்னகத்திற் கணிதம் வளர்ந்த வரலாற்றை எழுதப் புகுவோர் இராமானுசன் பெயரோடு தொடங்கி அவர் பெயரோடே முடித்துவிடுதல் பெருவழக்காக இருந்து வருகின்றது. அவருக்குப் பின் சென்னையில் ஆராய்ச்சி செய்தோரைப் பற்றி அறிஞருட் சிலர் கூறும் குறையொன்றும் உண்டு. அன்னார் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டி இட்ட பாதையை விட்டு விலகாது, ஒருங்காத தொடர்களுக்கு ஏதேனும் ஒரு வழியிற் கூட்டுத்தொகை காண்பதாகிய பழைய வேலையிலேயே காலத்தைக் கழித்தனர் என்பதும், உலகின் ஏனைய பகுதிகளிற் கணிதம் புதுவழி சென்றதை உணர்ந்திலர் என்பதுமே அக்குறையாம். இது எத்துணை உண்மை என்பதை ஆராய்வதற்கு, ஒரு தனி வினாவை எடுத்து அதன் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து இன்று வரை நோக்குதல் நல்வழியாகும். அத்தகைய வினாவொன்று, பல மாறிகளுக்குரிய பூரியே தொடர் எப்போது ஒருங்கும், எப்போது விரியும் என்பது.

பூரியேயின் கூற்று

யோசேப்பு பூரியே என்பவர் 1768இற் பிறந்த பிரெஞ்சு அறிஞர். நெப்போலியன் ஆட்சியிற் கிரெனோபிள் பகுதியை நிருவகித்த அதிகாரி. திண்மப் பொருள்களில் வெப்பம் பரவும் முறையை ஆராய்ந்து 1807இல் அவர் பாரிசு அறிஞர் அவைக்கு ஒரு கட்டுரை சமர்ப்பித்தார். எந்தச் சார்பையும், அது எத்துணை ஒழுங்கற்றதாயினும், சைன், கோசைன் ஆகிய எளிய அலைகளின் முடிவிலாக் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்பது அதிற் கண்ட துணிவான கூற்று. அவையில் வீற்றிருந்த இலக்ராஞ்சு இதனை ஏற்க மறுத்தார். மூலையும் முறிவும் உடைய ஒரு வளைகோட்டை, மூலையே இல்லாத மென்மையான அலைகள் எவ்வாறு ஆக்கவல்லன என்பது அவர் ஐயம். பூரியே தம் கொள்கையைக் கைவிடவில்லை. 1822இல் அதனைப் பெருநூலாக வெளியிட்டார்.

இலக்ராஞ்சின் ஐயம் வீண் ஐயமன்று. முடிவிலாத உறுப்புகளைக் கூட்டுதல் என்பது உண்மையில் ஒரு வரிசைப்படி சிறிது சிறிதாகக் கூட்டிச் சென்று, அப்பகுதிக் கூட்டுத்தொகைகள் ஓர் எல்லையை அணுகுகின்றனவா என்று காண்பதேயாம். அணுகின் தொடர் ஒருங்கும், அணுகாவிடின் விரியும். பூரியே தம் தொடர்கள் ஒருங்கும் என நம்பினாரேயன்றிப் பொதுவாக நிறுவினாரல்லர். 1829இல் டிரிஷ்லே என்னும் செர்மானிய அறிஞரே, ஏற்ற இறக்கங்கள் எண்ணிக்கையில் அடங்கிய சார்புகளுக்கு அத்தொடர் ஒருங்கும் என்பதை முதன்முதலாக முறைப்படி நிறுவினார். தொடர்ச்சியுடைய சார்பு எதுவாயினும் அதன் தொடர் ஒருங்கியே தீரும் எனப் பலரும் எதிர்பார்த்தனர். அவ்வெதிர்பார்ப்பு 1873இற் பொய்த்தது. தொடர்ச்சியுடையதாயினும் ஒரு புள்ளியில் தன் பூரியே தொடர் விரியும் சார்பொன்றை டு புவா ரேமோன் ஆக்கிக் காட்டினார்.

அதன்பின் இருவகை முடிபுகள் தோன்றின. நம்பிக்கை ஊட்டியது அங்கேரி நாட்டு ஃபேயேர் தந்தது. இருபது வயது நிரம்பிய அவ்விளைஞர் 1900இல், பகுதிக் கூட்டுத்தொகைகளை நேரே நோக்காது அவற்றின் சராசரியை நோக்கினால், தொடர்ச்சியுடைய எச்சார்புக்கும் அச்சராசரி தவறாது ஒருங்கும் என நிறுவினார். அச்சம் ஊட்டியது உருசிய நாட்டுக் கொல்மொகொரோவ் தந்தது. தொகையிடத்தக்க சார்பொன்றின் பூரியே தொடர் ஏறத்தாழ எல்லாப் புள்ளிகளிலும் விரியக்கூடும் என அவர் 1923இல் வெளியிட்டார். 1926இல் எல்லாப் புள்ளிகளிலுமே விரியும் சார்பையும் ஆக்கினார். ஆகவே, நேர்க் கூட்டல் தோற்குமிடத்துச் சராசரி வெல்லும் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கணிதர் கற்ற பெரும் பாடமாயிற்று. சராசரிகளைக் கொண்டு தொடரைக் கூட்டும் இக்கலையைப் பொதுமையாக்கி ஹார்டியும் மார்செல் ரீசும் 1915இல் ஒரு சிறுநூல் வெளியிட்டனர். ரீசு வகுத்த சராசரிகளே இவ்வரலாற்றிற் பின்னர்த் தலைமை பெறுவன.

அலைகளை எண்ணும் வரிசை

ஒரு மாறியோடு நிற்கும்வரை எவ்வரிசையிற் கூட்டுவது என்ற வினா எழுவதில்லை. நெட்டலை முதலாகக் குற்றலை ஈறாக ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டுவதே இயல்பு. மாறிகள் இரண்டாயின் நிலைமை முற்றும் மாறுகின்றது. இதனை விளக்க ஓர் எடுத்துக்காட்டுப் போதும். புத்தளம் மாவட்டத்திலே கற்பிட்டித் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஆலங்குடா அமைந்துள்ளது. கிழக்கே புத்தளம் களப்பு, மேற்கே பெருங்கடல். சோளகக் காற்று வீசும் மாதங்களில் தென்மேற்கிலிருந்து நெடிய அலைகள் வரும். அதே நேரத்திற் கச்சான் எழுப்பும் குறுகிய அலைகள் நேர் மேற்கிலிருந்து அவற்றைக் குறுக்கிட்டு வரும். கடற்பரப்பின் ஒரு கணத்து வடிவம் இவ்வாறு பல திசைகளிற் செல்லும் பல நீள அலைகளின் கூட்டுத்தொகையே. இரு மாறிகளின் பூரியே தொடரும் இத்தகையதே. அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் இரண்டு முழுவெண்கள் உண்டு: ஒன்று கிழக்கு மேற்காக எத்தனை அலைமுகடுகள் என்பதையும், மற்றையது வடக்குத் தெற்காக எத்தனை என்பதையும் குறிக்கும். அவ்விரண்டும் சேர்ந்து அலையின் திசையையும் நீளத்தையும் அறுதியிடுகின்றன.

இம்முழுவெண் இணைகளைத் தளத்தில் புள்ளிகளாகக் குறித்தால், முடிவிலாப் புள்ளிவயல் ஒன்று தோன்றும். அவ்வயலை எவ்வாறு வேலியிட்டுச் சிறிது சிறிதாக அடக்குவது? ஒருவர் சதுரமாக வேலியிடலாம்: இரு முழுவெண்களும் 5ஐ மிஞ்சாதவாறு கொண்டால் 121 புள்ளிகள் அகப்படும். இன்னொருவர் நீள்சதுரமாக இடலாம்: ஒரு திசையில் 10 வரையும் மற்றத் திசையில் 2 வரையும் கொண்டால் 105 புள்ளிகள். வேறொருவர் அலையின் திசையைப் பொருட்படுத்தாது நீளத்தை மட்டும் அளவாகக் கொண்டு வட்டமாக இடலாம்: ஆரை 5 ஆயின் 81 புள்ளிகள். வெப்பம், ஒலி முதலியவற்றின் பௌதிக விதிகள் எத்திசைக்கும் சிறப்புத் தாராமையால் வட்ட வேலியே இயற்கைக்கு உகந்தது. வேலி எதுவாயினும் ஈற்றிற் புள்ளிகள் யாவும் அடங்கிவிடும். ஆயினும் கூட்டுத்தொகை ஓர் எல்லையை அணுகுமா என்பது வேலியின் வடிவத்தைப் பொறுத்துள்ளது. ஒரே சார்பு, ஒரே அலைகள், ஒரே குணகங்கள். வரிசை மாறின் முடிவு மாறும். பல மாறிப் பூரியே தொடரின் வரலாறு முழுவதும் இவ்வொரு செய்தியின் விரிவே எனலாம்.

வட்ட வேலியை முறையாக ஆராய்ந்தவர் சாலமன் பொக்னர். யூதராகிய அவர் 1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் செர்மனியை விட்டு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தை அடைந்தவர். 1936இல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரை இத்துறைக்கு அடிப்படையாயிற்று. வட்டத்திற்குள் வரும் அலைகளை அவ்வாறே கூட்டாது, ரீசு காட்டிய வழியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறை கொடுத்துக் கூட்டினார் அவர். புள்ளி மையத்திலிருந்து நிற்கும் தூரத்தின் வர்க்கத்தை ஆரையின் வர்க்கத்தால் வகுத்து, அதனை ஒன்றிலிருந்து கழித்து, வருவதை ஒரு குறித்த அடுக்குக்கு உயர்த்தினாற் கிடைப்பதே அந்நிறை. மையத்திலுள்ள அலை முழு நிறை பெறும். வேலியை நெருங்க நெருங்க நிறை மெல்லக் குன்றி வேலியிற் சுழியமாகும். அடுக்கு சுழியமாயின் நிறை எதுவும் இல்லாத நேர்க் கூட்டலே எஞ்சும்.

எவ்வளவு பெரிய அடுக்கு வேண்டும் என்பதே வினா. மாறிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்துப் பாதியாக்கினால் வரும் எண்ணே எல்லைக்கல் எனப் பொக்னர் கண்டார். அதற்கு மேற்பட்ட அடுக்காயின், தொடர்ச்சியுடைய எச்சார்புக்கும் கூட்டுத்தொகை ஒருங்கும். மாறி ஒன்றாயின் அவ்வெல்லைக்கல் சுழியம், இரண்டாயின் அரை, மூன்றாயின் ஒன்று. ஒரு மாறியில் எவ்வளவு சிறிய நிறையும் தொடரைக் காப்பதும், நிறை அறவே நீங்கின் டு புவா ரேமோன் காட்டிய விரிவு நேர்வதும் இதனால் விளங்கும். மாறிகள் பெருகப் பெருக இடர்ப்பாடும் பெருகும். மேலும் ஒரு வியப்பை அவர் வெளிப்படுத்தினார். ஒரு மாறியில், ஒரு புள்ளியிலே தொடர் ஒருங்குமா என்பது அப்புள்ளியின் அயலிற் சார்பு எவ்வாறுள்ளது என்பதை மட்டுமே பொறுத்தது. இது ரீமன் கண்ட தத்துவம். பல மாறிகளில் எல்லைக்கல்லாகிய அடுக்கிற்கூட இத்தத்துவம் பொய்த்துவிடும். அயலெங்கும் சுழியமாயிருக்கும் சார்பின் தொடர்கூட, தொலைவிலுள்ள பெறுமானங்களின் தாக்கத்தால் அங்கே விரியலாம்.

சென்னையின் பங்கு

இந்நிலையிலேதான் சென்னை அறிஞர் இவ்வரலாற்றுட் புகுகின்றனர். ஆனந்தராவ் 1893இற் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியிற் கற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று, இராமானுசன் அங்கிருந்த காலத்திலேயே ஹார்டியிடம் பயின்றவர். 1919இல் தாயகம் மீண்டு மாநிலக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியரானார். தொடர்களின் கூட்டற்றகைமையே அவர் துறை. தாம் எழுதியவற்றினும் தாம் உருவாக்கிய மாணவராலேயே அவர் பெரிதும் அறியப்படுகின்றார். அவர்களுள் இருவர் இவ்வினாவோடு நெருங்கிய தொடர்புடையோர்.

ஒருவர் மீனாட்சிசுந்தரம். 1913இல் திரிச்சூரிற் பிறந்த அவர் சென்னை இலயோலாக் கல்லூரியிற் பட்டம் பெற்று, ஆனந்தராவின் கீழ் ஆராய்ச்சி தொடங்கினார். பின்னர் இலயோலாக் கல்லூரியிற் பணியாற்றிய பிரெஞ்சுக் குருவாகிய இராசீன் அடிகளின் தொடர்பால் வகையீட்டுச் சமன்பாடுகளிலும் அவர் கருத்துச் சென்றது. ஆற்றல் மிக்க ஆராய்ச்சியாளராயிருந்தும் அவருக்குத் தக்க பதவி உடனே வாய்த்திலது. பின்னரே ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். மற்றையவர் சந்திரசேகரன். 1920இல் மசூலிப்பட்டினத்திற் பிறந்து, மாநிலக் கல்லூரியிற் கற்று, ஆனந்தராவின் வழிகாட்டலிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் இருவரும் பிரின்ஸ்டன் உயராராய்ச்சி நிலையத்துக்குச் சென்றனர்.

அங்கே அவர்கள் கையிற் கொண்டு சென்ற கருவி ரீசு சராசரி. அங்கே கண்ட வினா பொக்னரின் வட்டக் கூட்டல். கருவியும் வினாவும் ஒன்றற்கொன்று செய்து வைத்தாற்போற் பொருந்தின. இரு மாறிப் பூரியே தொடரைப் பற்றி இருவரும் கூடி எழுதிய கட்டுரை 1947இல் வெளிவந்தது. சந்திரசேகரன் பல மாறித் தொடர்களின் கூட்டலைப் பற்றித் தொடர்ந்து எழுதியதோடு, பொக்னருடன் சேர்ந்து பூரியே உருமாற்றங்கள் பற்றிய நூலொன்றை 1949இல் வெளியிட்டார். 1952இல் மீனாட்சிசுந்தரமும் சந்திரசேகரனும் இணைந்து எழுதிய ‘டிப்பிக்கல் மீன்ஸ்’ என்னும் நூல் வெளிவந்தது. ஹார்டியும் ரீசும் 1915இற் சிறுநூலாக விட்டுச் சென்ற பொருளைப் பெருநூலாக விரித்துரைத்தது அது.

மீனாட்சிசுந்தரம் மேலும் ஓர் அடி வைத்தார். சுவீடன் நாட்டு அறிஞர் பிளெயெல் என்பாருடன் அவர் எழுதி 1949இற் கனடா நாட்டுக் கணித ஏட்டில் வெளிவந்த கட்டுரை, பூரியே தொடரின் அலைகளுக்கு நிகரான அடிப்படை அதிர்வுகளை வளைந்த பரப்புகளில் ஆராய்ந்தது. வளைந்த பரப்பொன்றிற் கிழக்கு மேற்கு, வடக்குத் தெற்கு என்னும் இரு எண்கள் கிடையா. ஆகவே சதுர வேலியும் நீள்சதுர வேலியும் அங்கே பொருளற்றன. அதிர்வின் மீடிறனை மட்டுங் கொண்டு வரிசைப்படுத்தும் வட்ட வேலி ஒன்றே எஞ்சும். அம்மீடிறன்களைக் கொண்டு ரீமனின் சீற்றாச் சார்பைப் போன்றதொரு சார்பை அவர்கள் அமைத்து, வெப்பச் சமன்பாட்டின் துணையால் அதன் இயல்புகளை ஆராய்ந்தனர். பூரியேக்கு வினாவைத் தந்த வெப்பமே ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளின் பின் அவ்வினாவின் விரிந்த வடிவத்துக்கு விடையும் தந்தது. ஒரு முரசின் ஒலியைக் கேட்டே அதன் வடிவத்தை அறியலாகுமா என 1966இற் காக்கு எழுப்பிய புகழ்பெற்ற வினா இத்துறையினதே. 1973இல் அட்டியா, பொட் ஆகியோருடன் சேர்ந்து வெப்பச் சமன்பாட்டு வழியாற் சுட்டித் தேற்றத்தை நிறுவிய பட்டோடி, பம்பாய் டாட்டா நிலையத்து அறிஞர். 1958இல் எடின்பரோவிற் கூடிய அனைத்துலகக் கணித மாநாட்டில் உரையாற்ற அழைக்கப்பெற்ற மீனாட்சிசுந்தரம், 1968இற் காலமானார்.

1966க்குப் பின்

ஒரு மாறியின் வரலாற்றில் 1966 திருப்புமுனை. தொடர்ச்சியுடைய சார்பின் பூரியே தொடர், புறக்கணிக்கத்தக்க புள்ளிகள் தவிர ஏனைய எல்லாப் புள்ளிகளிலும் ஒருங்கும் எனக் கார்லெசன் அவ்வாண்டில் நிறுவினார். டு புவா ரேமோன் கண்ட விரிவு அருகிய புள்ளிகளிலேயே நிகழும் என்பது இதனாற் றெளிவாயிற்று. பல மாறிகளிலும் இது செல்லுமா என்ற வினா உடனே எழுந்தது. விடை வேலிக்கு வேலி வேறுபட்டது.

சதுர வேலிக்கு விடை நல்விடை. தெவ்சாட்சே, ஃபெஃபர்மன், சோலின் ஆகியோர் 1970, 1971ஆம் ஆண்டுகளில், சதுர வரிசையிற் கூட்டினால் கார்லெசன் முடிபு நிலைக்கும் எனக் காட்டினர். நீள்சதுர வேலிக்கு விடை நேர்மாறானது. இரு பக்கங்களும் ஒன்றையொன்று சாராது தம்மிச்சையாக வளர விட்டால், தொடர்ச்சியுடைய சார்பொன்றின் தொடரே எல்லாப் புள்ளிகளிலும் விரியலாம் என 1971இல் ஃபெஃபர்மன் எடுத்துக்காட்டு அமைத்தார். அப்போது அவருக்கு வயது 22.

வட்ட வேலியைப் பற்றி அவரே அவ்வாண்டில் வெளியிட்ட முடிபு மிக வியப்பானது. சார்பின் வர்க்கத்தைத் தொகையிட்டு அளக்கும் முறை ஒன்றில் மட்டுமே வட்டக் கூட்டல் சார்பை அணுகும். அதனையொத்த ஏனைய அளவுமுறைகள் அனைத்திலும் அது தவறும். காரணம் வட்டத்தின் வளைவே. சதுரத்துக்கு நான்கே பக்கங்கள். ஆதலின் சதுரக் கூட்டல் ஒரு மாறிக் கூட்டல் சிலவற்றின் சேர்க்கையாகிவிடும். வட்டத்துக்கோ ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு புதிய தொடுகோடு, ஒரு புதிய திசை. பல திசைகளை நோக்கிய மெல்லிய ஊசிகளை மிகச் சிறிய பரப்பினுள் அடுக்கிவிடலாம் எனப் பெசிகோவிச் முன்னரே காட்டியிருந்தார். ஊசியொன்றைத் திருப்புதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று 1917இற் சப்பானியராகிய காக்கெயா விடுத்த விளையாட்டுப் போன்ற வினாவோடு உறவுடையது அது. எவருக்கும் பயன்படாதெனத் தோன்றிய அவ்வூசி அடுக்கையே ஃபெஃபர்மன் வட்டக் கூட்டலின் குறையை வெளிப்படுத்தும் கருவியாக்கினார்.

நிறையின்றிக் கூட்டும் வட்டக் கூட்டல் தவறுமாயின் சிறு நிறையேனும் அதனைக் காக்குமா? இரு மாறிகளுக்குக் கார்லெசனும் சோலினும் 1972இல் விடை கண்டனர். குறித்த அளவுமுறைகளின் எல்லைக்குள் மிகச் சிறிய அடுக்கும் போதும் என்பது அவ்விடை. மூன்று முதலிய மாறிகளுக்கு இவ்வினா முற்றுப்பெறவில்லை. பொக்னர், ரீசு ஆகிய இருவர் பெயராலும் அது வழங்குகின்றது. கார்லெசன் முடிபு வட்ட வேலிக்குச் செல்லுமா என்பது இரு மாறிகளுக்கே இன்னும் தீர்க்கப்படாத வினா. தமிழகத்து அறிஞர் தங்கவேலு பிரின்ஸ்டனில் ஆராய்ச்சி செய்து, பின்னர்ப் பெங்களூரிற் பணியாற்றி, எர்மைற்று விரிவுகளுக்கு இப்பொக்னர் ரீசு சராசரிகளை ஆராய்ந்து 1993இல் நூலொன்று வெளியிட்டார். ஆனந்தராவின் மாணவர் கையாண்ட சராசரி, அரை நூற்றாண்டு கழித்தும் உயிருள்ள ஆராய்ச்சிப் பொருளாக நின்றமைக்கு இது சான்று.

மதிப்பீடு

இனி, தொடக்கத்திற் கூறிய குறைக்கு வருவோமாயின், அது ஒரு பாதி உண்மை எனல் வேண்டும். கூட்டற்றகைமையின் சிறு நுணுக்கங்களிலே பலர் தம் வாழ்நாளைச் செலவிட்டனர்; அவற்றுட் பல இன்று படிப்பாரற்றுக் கிடக்கின்றன. சந்திரசேகரனே இதனை நன்கு உணர்ந்தவர். 1949இற் டாட்டா நிலையத்துக்கு வந்து அதன் கணிதப் பிரிவை வளர்த்த அவர், தம் பழைய துறையை இளைஞர்மீது சுமத்தவில்லை. நரசிம்மன், சேசாத்திரி முதலிய சென்னை இலயோலா மாணவர் அங்கே வடிவகணிதத்தின் புதுத் துறைகளிற் புகழ் நாட்டினர். 1965இற் சூரிச்சு சென்ற அவர் 2017இற் காலமாகும்வரை, தாம் தொடங்கிய அப்பணியின் பயனைக் கண்டிருந்தார்.

மற்றப் பாதி உண்மையன்று. இருவரும் கற்றது பழைய கருவி. ஆயினும் அக்கருவி செல்லத்தக்க புதிய களத்தை அவர்கள் கண்டுகொண்டனர். ஒரு மாறியிற் சராசரி என்பது தோற்ற தொடருக்கு இடும் ஊன்றுகோல் மட்டுமே. பல மாறிகளில், வட்டமாகக் கூட்டும் இயற்கையான முறைக்கு அதுவே இன்றியமையாத வழி. இந்த வேறுபாட்டைப் பொக்னரின் கட்டுரையில் உணர்ந்து அதன்மேற் கட்டியெழுப்பியதே சென்னை அறிஞரின் தனிச்சிறப்பு. மரபு ஒன்று வாழ்வதும் மாய்வதும் அதன் கருவி பழையதா புதியதா என்பதால் அன்று. அக்கருவியை ஏந்தியோர் எவ்வினாவை நோக்கி அதனைத் திருப்பினர் என்பதாலேயாம்.

மாணவர் மனங்கொள்ளத்தக்க பிறிதொரு செய்தியும் ஈண்டு உண்டு. வரையறையுள்ள எண்களைக் கூட்டும்போது வரிசை பொருட்டன்று எனப் பள்ளியின் கீழ்வகுப்பிலேயே கற்பிக்கப்படுகின்றது. முடிவிலியை அணுகியதும் அவ்வெளிய விதி தளர்ந்து, வரிசையே முடிவைத் தீர்மானிப்பதாகிவிடுகின்றது. எதனை முன் எண்ணுவது, எதனைப் பின் எண்ணுவது, எல்லையிலுள்ளதற்கு எவ்வளவு நிறை கொடுப்பது என்பன கணக்கனின் விருப்பமல்ல, கணக்கின் உயிர்நாடி. வட்ட வேலியினுள் அலைகளை எண்ணும் எளிய வினா இருநூறு ஆண்டு ஆராய்ச்சியின் பின்னும் விடை காணாது நிற்பதைக் காண்போர், கணிதம் முடிந்துபோன கல்வி என்று கருதார். சிறு கல்லூரிகளிலும் பெயரறியா ஊர்களிலும் பயிலும் மாணவர்க்கும் அவ்வினாவினுட் புகும் வாயில் திறந்தேயிருக்கின்றது. சென்னையிற் கற்ற அவ்விருவரின் வரலாறே அதற்குச் சான்று.